முதுகில் மிஷின் வைத்தவர்களுக்கு: முதல் ஒரு வருடக் குடித்தனம்

வடசென்னை காலடிப்பேட்டையில் என் தையல் கடைக்கு ஜாக்கெட் அளவு கொடுக்க வருகிறவர்கள், போகும்போது வாசலில் நின்று மெதுவாகக் கேட்பார்கள்: "அக்கா, முதுகுல மிஷின் வெச்சிருக்கீங்களாமே, வலி போயிடுச்சா?"

அந்த மிஷின், தண்டுவடத்துக்குப் பக்கத்தில் லேசாக மின்சாரம் விட்டு நரம்பு வலியைக் குறைக்கும் ஸ்டிமுலேட்டர். வலி பாதி போயிருக்கிறது. இதைச் சொன்னதும் கேட்டவர் முகம் வாடிவிடும். இத்தனை பணம் கொட்டி, முதுகைக் கீறி, பாதிதானா என்று. இரண்டு முறை டிஸ்க் ஆபரேஷன் ஆகியும் இடது கால் எரிச்சல் அடங்காமல், ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து சமையலறைக்கும் வாசலுக்குமாக நடந்தவளுக்கு அந்தப் பாதி எவ்வளவு பெரியது என்று வாசலில் நிற்கிறவரிடம் எப்படிச் சொல்வது? மருத்துவர்களே வலி பாதியாவது குறைந்தால்தான் இதை வெற்றி என்று கணக்கு வைக்கிறார்கள். அந்தப் பாதியைப் பத்திரமாக வைத்துக்கொள்வது நம் வேலை. புதிதாக வைக்கப் போகிறவர்களுக்கும் வைத்து வீட்டுக்கு வந்துவிட்டவர்களுக்கும் அந்த வேலையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1. முதலில், இது என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள்

முழங்கை கதவில் இடித்துக்கொண்டால் நாம் என்ன செய்கிறோம்? உடனே தேய்க்கிறோம். தேய்க்கும் உணர்ச்சி முந்திக்கொண்டு போக, வலி கொஞ்சம் பின்தங்குகிறது. வலியை மேலே விடவும் மறிக்கவும் தண்டுவடத்தில் ஒரு கதவு மாதிரி ஏற்பாடு இருக்கிறது என்று 1965-ல் மெல்சாக், வால் என்ற இருவர் எழுதினார்கள். இரண்டே வருடத்தில், 1967-ல், அமெரிக்காவில் நார்மன் ஷீலி என்ற மருத்துவர் முதல் ஸ்டிமுலேட்டரை ஒரு நோயாளியின் தண்டுவடத்தில் வைத்தார். கதவு எப்படி மூடுகிறது என்பதில் இன்னும் வாதம் நடக்கிறது, ஆனால் மிஷின் வேலை செய்கிறது.

உள்ளே இருப்பது இரண்டே சாமான். தண்டுவட உறைக்கு வெளிப்பக்கம் மெல்லிய கம்பி ஒன்றோ இரண்டோ. இடுப்புக்கு மேலோ பிட்டத்திலோ தோலுக்கு அடியில் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய பேட்டரி. ரிமோட் நம் கையில். சார்ஜ் ஏற்றும் வகையாக இருந்தால் சார்ஜரும் தருவார்கள்.

எல்லா முதுகு வலிக்கும் இது உதவாது. காலில் எரிச்சல், மின்சாரம் அடிப்பது, ஊசி குத்துவது, மரத்துப்போவது என்று நரம்பு சம்பந்தப்பட்ட வலிக்குத்தான் நன்றாகக் கேட்கும். குனிந்தால் பிடிப்பு, நிமிர்ந்தால் சரி என்கிற வகைக்கு அவ்வளவாகக் கேட்காது. ஆபரேஷன் ஆகியும் தீராத கால் வலி, சர்க்கரையால் வரும் கடுமையான பாத எரிச்சல் ஆகியவற்றுக்கு வைக்கிறார்கள். தனியார் இடத்தில் ஒருவர் சொன்னதோடு முடிவெடுக்க வேண்டாம். பழைய ஸ்கேன், டிஸ்சார்ஜ் சீட்டு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு, ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலோ சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலோ நரம்பு ஆபரேஷன் டாக்டர்களிடம் இன்னொரு கருத்துக் கேளுங்கள். வரிசையில் காத்திருக்க ஒரு நாள் போகும், போகட்டும்.

மனநல ஆலோசகரைப் பார்க்கச் சொன்னால் கோபப்படாதீர்கள். "எனக்கென்ன பைத்தியமா" என்று நானும் கேட்டவள்தான். பெரும்பாலான இடங்களில் அது வழக்கமான ஒரு படி.

2. சோதனை ஒரு வாரம்

நேரே உள்ளே வைத்துவிட மாட்டார்கள். ஊசி வழியாகத் தற்காலிகக் கம்பி விட்டு, பெட்டியை இடுப்பில் கட்டி, ஐந்து முதல் ஏழு நாள் வரை வீட்டுக்கு அனுப்புவார்கள். எனக்குக் குப்புறப் படுக்க வைத்து, மரப்பு ஊசி மட்டும் போட்டு, முழிப்பாகவே வைத்திருந்தார்கள். தலைமாட்டில் ஒருவர் "இப்ப எங்கம்மா தெரியுது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். "தொடை." கம்பி ஒரு நூல் நகர்ந்தது. "இப்ப?" "முட்டிக்குக் கீழ." இன்னும் ஒரு நூல். "பாதம், பாதம், அங்கேதான்!" என்று நான் கத்தியதில் நர்ஸ் சிரித்துவிட்டார். வலிக்கிற இடத்தின் மேல் குறுகுறுப்பு வந்து உட்கார வேண்டும். அதற்குத்தான் இத்தனை கேள்வி. வெட்கப்படாமல் சரியான இடத்தைச் சொல்லுங்கள். மரியாதைக்காக "சரியா இருக்கு சார்" என்று சொல்லிவிடாதீர்கள்.

அந்த வாரம் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி வையுங்கள். காலை, மதியம், இரவு என்று வலிக்குப் பத்துக்கு எத்தனை என்று எழுதுங்கள். எண்ணைவிட முக்கியமானது அன்றைக்குச் செய்த காரியம். "தையல் மெஷினில் 40 நிமிடம் உட்கார்ந்தேன்", "மார்க்கெட் வரை நடந்தேன்", "இரவு ஒரு முறைதான் எழுந்தேன்". இந்த வரிகள்தான் முடிவெடுக்க உதவும். குளிக்க முடியாது, துணியால் துடைத்துக்கொள்ளத்தான் முடியும். அதனால் சித்திரை, வைகாசி வேண்டாம் என்று நான் சொல்வேன். கட்டுக்குள் வேர்வை ஊறினால் நரகம்.

பாதி குறையவில்லை என்றால் கம்பியை உருவிவிடுவார்கள். இத்தனை தூரம் வந்துவிட்டோமே என்று நோட்டில் பொய் எழுதாதீர்கள்.

3. பேட்டரி எங்கே உட்கார வேண்டும்

இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை; ஒரு தையல்காரியாக நானே யோசித்திருக்க வேண்டும். ஆபரேஷனுக்கு முன்னால் உங்கள் பாவாடையைக் கட்டிக்கொண்டு போய், நாடா எந்த இடத்தில் அழுத்துகிறது என்று டாக்டரிடம் காட்டுங்கள். ஆண்கள் பெல்ட், வேட்டி முடிச்சு, அரைஞாண் கயிறு மூன்றையும் காட்டுங்கள். எந்தப் பக்கம் சாய்ந்து உட்கார்வீர்கள், எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுப்பீர்கள் என்றும் சொல்லுங்கள். பேனாவால் குறி போட்டுக்கொள்வார்கள்.

எனக்கு நாடாவுக்கு நேர் அடியிலேயே பேட்டரி வந்து உட்கார்ந்தது. ஆறு மாதம் தோல் கன்றிப் போனது. கடைசியில் நாடாவை எடுத்துவிட்டு, மூன்று விரல் அகலத்துக்கு மெத்தென்ற எலாஸ்டிக் பட்டி வைத்து எனக்கு நானே நாலு பாவாடை தைத்துக்கொண்டேன். இப்போது இதே மாதிரி வேண்டும் என்று சிசேரியன் ஆன பெண்கள் கேட்டு வருகிறார்கள். அது வேறு கதை.

4. முதல் எட்டு வாரம்

இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

கம்பி உள்ளே போனதும் ஆணி அடித்த மாதிரி நிற்காது. தையல் போட்டுக் கட்டியிருப்பார்கள், ஆனாலும் அதைச் சுற்றித் தழும்பு வளர்ந்து பிடித்துக்கொள்ள ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். அதற்குள் குனிந்தாலோ முறுக்கினாலோ கம்பி நகரலாம். காலில் இருக்க வேண்டிய குறுகுறுப்பு விலா எலும்பில் போய் நிற்கும். திரும்ப ஆபரேஷன்தான்.

மூன்று விஷயம் கூடாது: குனிவது, முறுக்குவது, தூக்குவது. கேட்க எளிது. நம் வீட்டு வேலைகளில் இந்த மூன்றும் இல்லாத வேலை எது? எண்ணிப் பாருங்கள்.

தண்ணி லாரி ஹாரன் அடித்ததும் கால் தானாக ஓடும். ஒரு பிளாஸ்டிக் குடம் நிறைந்தால் சுமார் 15 கிலோ. உங்களுக்கு அனுமதித்தது இரண்டு கிலோ, அதாவது ஒரு சொம்புத் தண்ணீர். பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் முன்கூட்டியே பேசி வைத்துவிடுங்கள். வாசலில் கோலத்தை வீட்டில் வேறு யாராவது போடட்டும். இல்லையென்றால் ஸ்டிக்கர் ஒட்டுங்கள், லட்சுமி கோபித்துக்கொள்ள மாட்டாள். காஸ் சிலிண்டரில் காஸ் மட்டுமே 14.2 கிலோ, இரும்பு எடை தனி, உருட்டக்கூட வேண்டாம். துணி காயப்போடக் கையைத் தலைக்கு மேல் தூக்குவதும் இந்த வாரங்களில் ஆகாது, கொடியைத் தோள் உயரத்துக்கு இறக்கிக் கட்டுங்கள். அலமாரியில் மேல் தட்டில் இருக்கும் டப்பாக்களை ஆபரேஷனுக்கு முன்பே கீழே இறக்கிவிடுங்கள்.

தரையில் பாய் விரித்துப் படுக்கும் பழக்கம் இருந்தால் இரண்டு மாதத்துக்குக் கட்டில். கட்டிலில் திரும்பும்போது தோளும் இடுப்பும் ஒன்றாக, மரக்கட்டையைப் புரட்டுவது போலத் திரும்ப வேண்டும். இந்தியக் கழிப்பறைதான் இருக்கிறது என்றால் மேலே வைக்கும் கமோடு ஸ்டூல் மருந்துக் கடைகளில் கிடைக்கிறது, வாடகைக்குக்கூடத் தருகிறார்கள்.

பத்திலிருந்து பதினான்கு நாளில் தையல் பிரிப்பார்கள். அதுவரை புண்ணில் தண்ணீர் படக் கூடாது. ஐப்பசி, கார்த்திகையில் ஆபரேஷன் என்றால் இன்னும் கவனம். கொருக்குப்பேட்டையிலோ வியாசர்பாடியிலோ தெருவில் தண்ணீர் தேங்கி நிற்கும்போது பச்சைப் புண்ணோடு அதில் இறங்கி நடக்காதீர்கள். சர்க்கரை உள்ளவர்கள் ஆபரேஷனுக்கு முன்பே மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையை (HbA1c) கட்டுக்குள் கொண்டுவர வேண்டும். பீடி, சிகரெட் பிடிப்பவர்கள் நிறுத்த வேண்டும். இரண்டுமே புண் ஆறுவதைக் கெடுக்கும், சீழ் பிடிக்க வழி விடும்.

சுளுக்கு எடுப்பவர், எண்ணெய் போட்டு முதுகில் ஏறி மிதிப்பவர், சொடக்கு எடுக்கும் சலூன்காரர், மூவருக்கும் இனி நிரந்தர விடை கொடுத்துவிடுங்கள். எட்டு வாரம் முடிந்த பிறகும்.

5. ரிமோட்டோடு பழகுவது

வீட்டுக்கு வந்த முதல் ராத்திரி, உட்கார்ந்திருந்தவரை எல்லாம் சுகமாக இருந்தது. படுத்தேன். இரண்டு காலிலும் ஷாக் அடித்த மாதிரி ஓர் உதறல். "என்னடி ஆச்சு?" என்று வீட்டுக்காரர் பதறி எழுந்து மெயின் சுவிட்சை அணைக்கப் போனார். வீட்டுக் கரண்டுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்! விஷயம் சாதாரணமானது. படுத்தால் தண்டுவடம் கம்பிக்குப் பக்கத்தில் வருகிறது, அதே அளவு மின்சாரம் அதிகமாகத் தெரிகிறது. நிமிர்ந்தால் குறைகிறது. தும்மினாலும் இருமினாலும் ஒரு நொடி ஏறி இறங்கும். படுக்கப் போகும் முன் இரண்டு படி குறைத்துக்கொள்ளுங்கள். நிலைக்கு ஏற்பத் தானாகவே கூட்டிக் குறைக்கும் மாடல்களும் உண்டு.

எல்லா மிஷினும் குறுகுறுக்காது. பழைய முறையில் நொடிக்கு 40, 50 துடிப்பு. அதில் குறுகுறுப்பு தெரியும். நொடிக்கு 10,000 துடிப்பு விடும் வகையில் எதுவும் தெரியாது, வலி மட்டும் குறையும். அது ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் வேலை காட்டும் என்பதால் மிஷின் கெட்டுவிட்டதோ என்று பயப்பட வேண்டாம். விட்டு விட்டுக் கொத்தாகத் துடிக்கும் வகை ஒன்றும் உண்டு. உங்களுடையது எது என்று கேட்டு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

ரிமோட்டில் மூன்று, நான்கு புரோகிராம் போட்டுத் தருவார்கள். ஒன்றைத் தேர்ந்தால் இரண்டு நாளாவது அதிலேயே இருங்கள். மணிக்கு ஒரு புரோகிராம் மாற்றினால் எது பலன் கொடுத்தது என்று நமக்கும் தெரியாது, செட்டிங் மாற்ற வருகிற கம்பெனிக்காரருக்கும் தெரியாது. முதல் மூன்று மாதத்தில் நாலைந்து தடவை செட்டிங் மாற்ற வேண்டிவரும். அலுத்துக்கொள்ளாமல் நோட்டோடு போங்கள்.

மாத்திரை விஷயம்: மிஷின் வேலை செய்கிறதே என்று பிரிகாபலின், கபாபென்டின் மாதிரி நரம்பு மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்தாதீர்கள். டாக்டர் படிப்படியாகக் குறைப்பார்.

6. சார்ஜும் மழைக்காலமும்

சார்ஜ் ஏற்றத் தேவையில்லாத பேட்டரி பெரும்பாலும் இரண்டிலிருந்து ஐந்து வருடம் வரை வரும். பிறகு அந்த இடத்தை மட்டும் திறந்து மாற்றுவார்கள். சார்ஜ் ஏற்றும் வகை பத்து வருடம் போலத் தாங்கும், ஆனால் வாரா வாரம் கவனிக்க வேண்டும். சிலவற்றுக்குத் தினமும். நான் செவ்வாயும் வெள்ளியும் மாலையில், கையால் ஹெம்மிங் போடும் வேலையை ஒதுக்கி வைத்துக்கொண்டு உட்காருவேன். வட்டத் தட்டைப் பேட்டரிக்கு நேராக, மெல்லிய பருத்தித் துணிக்கு மேல் வைத்துப் பட்டியால் கட்ட வேண்டும். வெறும் தோலில் வைக்காதீர்கள். லேசாகச் சூடாகும், அது சரி. சுடுகிறது என்றால் எடுத்துவிடுங்கள். சார்ஜ் போட்டபடி தூங்கக் கூடாது, சூடு தெரியாமல் தோல் வெந்துவிடலாம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் தெருவில் மூன்று நாள் கரண்ட் இல்லை. வெள்ளிக்கிழமை சார்ஜை 'நாளைக்குப் பார்த்துக்கலாம்' என்று தள்ளிவிட்டிருந்தேன். இரண்டாம் நாள் சாயங்காலம் மிஷின் அணைந்தது. ராத்திரிக்குள் அந்தப் பழைய எரிச்சல் பாதத்தில் ஆரம்பித்து முட்டிக்கு ஏறியது. முழங்கால் தண்ணீர் நிற்கிற கூடத்தில், கட்டிலில் உட்கார்ந்து அழுதேன். பாதி என்று சலிப்பாகச் சொல்கிறோமே, அது எவ்வளவு என்று அன்றுதான் அளந்தேன்.

அதற்குப் பிறகு மழை எச்சரிக்கை என்று செய்தி வந்தவுடன் முதல் வேலை முதுகு, இரண்டாவது வேலை சார்ஜர், மூன்றாவதுதான் செல்போன். முழுக்கத் தீர்ந்துவிட்டால் சில மாடல்களை மருத்துவமனையில்தான் உயிர்ப்பிக்க முடியும். அடிக்கடி அப்படிச் சாகவிட்டால் பேட்டரியே போய்விடலாம். சார்ஜரை மூன்றாவது தட்டில், பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள். தரையில் வேண்டாம், நம் ஏரியா தெரியும்தானே.

7. கிட்டே விடக் கூடாதவை

போன வருடம் தோள்பட்டை பிடித்துக்கொண்டது. தெருக்கோடியில் ஒரு பிசியோதெரபி சென்டர். பையன் நல்ல பையன், சிரித்த முகம். "படுங்க அக்கா, பதினஞ்சு நிமிஷம் ஷார்ட்வேவ் வெச்சா லேசா ஆயிடும்" என்று இரண்டு தட்டுகளை இழுத்து வந்தான்.

"தம்பி, என் முதுகுக்குள்ள கம்பி இருக்கு."

"தோளுக்குத்தானேக்கா வெக்கறேன்? முதுகுக்கு இல்லையே."

மிஷின் வைத்தபோது கொடுத்த அடையாள அட்டையை எடுத்துக் காட்டினேன். படித்துவிட்டுத் தட்டுகளைத் தானே தள்ளி வைத்தான். அவனைக் குற்றம் சொல்ல மாட்டேன். தினம் முப்பது பேருக்கு வைக்கிறான், இந்த மிஷின் உள்ளவரை முதன்முதலாகப் பார்க்கிறான்.

ஷார்ட்வேவ், மைக்ரோவேவ், வலிக்கு வைக்கும் அல்ட்ராசவுண்ட் என்று உடம்புக்குள் சூடு ஏற்றும் எந்த டயதெர்மியும் கூடாது. தோளானாலும் கூடாது, பாதமானாலும் கூடாது, மிஷினை அணைத்திருந்தாலும் கூடாது. அந்த அலை கம்பி வழியாக ஓடி முனையில் சூடாகி, தண்டுவடத்தையே பொசுக்கிவிடலாம், உயிருக்கே ஆபத்து. முதுகு வலிக்காரர்கள் அதிகம் போகிற இடமே பிசியோதெரபி சென்டர் என்பதால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். உடற்பயிற்சி தாராளமாகச் செய்யலாம்.

எம்.ஆர்.ஐ. எல்லா மாடலுக்கும் ஒரே மாதிரி இல்லை. சிலவற்றுக்கு முழு உடம்புக்கும் எடுக்கலாம், சிலவற்றுக்குத் தலைக்கு மட்டும், பழைய சிலவற்றுக்குக் கூடவே கூடாது. அட்டையில் மாடல் எண் இருக்கும். ஸ்கேன் சென்டரில் முன்பதிவு செய்யும்போதே சொல்லி, ரிமோட்டில் எம்.ஆர்.ஐ. நிலைக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். எக்ஸ்ரேவுக்குப் பிரச்சினை இல்லை. கர்ப்பத்துக்கும் வயிற்றுக்கும் பார்க்கும் ஸ்கேனும் பரவாயில்லை. வேறு எந்த ஆபரேஷன் என்றாலும், பல் பிடுங்கப் போனாலும், ரத்தத்தை நிறுத்தச் சுடும் கருவி எந்த வகை என்று டாக்டர் யோசிக்கும்படி முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

காந்தம். தரையில் விழுந்த ஊசி பொறுக்கக் கடையில் ஒரு பெரிய காந்தம் வைத்திருந்தேன். சில மாடல்கள் காந்தம் பட்டாலே அணையும் அல்லது ஓட ஆரம்பிக்கும். இப்போது அது என் உதவிக்குப் பெண்ணின் மேஜையில். ஆடி மாதம் கூழ் ஊற்றும்போது தெருவில் அடுக்கும் ஸ்பீக்கர்களிலும் பெரிய காந்தம் உண்டு, அவற்றில் சாய்ந்து நிற்காதீர்கள். இண்டக்‌ஷன் அடுப்பின் மேல் இடுப்பை அணைத்து நிற்க வேண்டாம். வெல்டிங் பட்டறையில் வேலை செய்பவர்கள், மணலி, எண்ணூர் பக்கம் பெரிய மோட்டார், டிரான்ஸ்பார்மர் அருகில் வேலை பார்ப்பவர்கள், ஆபரேஷனுக்கு முன்பே டாக்டரிடம் வேலையை விவரமாகச் சொல்லுங்கள். மிக்ஸி, டிவி, தையல் மெஷின் மோட்டார் சாதாரணமாக ஒன்றும் செய்யாது.

8. வெளியே போகும்போது

மெட்ரோவில் காலடிப்பேட்டையிலிருந்து சென்ட்ரல் வரை நான் அடிக்கடி போகிறேன். வாசலில் சோதனைக் கதவு இருக்கும். அட்டையைக் காட்டி, "உள்ள மிஷின் இருக்கும்மா, கையால செக் பண்ணிடுங்க" என்றால் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். கதவு வழியாகத்தான் போக வேண்டும் என்றால், ரிமோட்டில் அணைத்துவிட்டு, நடுவில், நிற்காமல், சாயாமல் நடந்து போய்விடுங்கள். கையில் வைத்திருக்கும் கருவியைப் பேட்டரி மேல் பிடிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். விமான நிலையத்திலும் இதே. எம்.சி. ரோடு பெரிய துணிக்கடைகளில் திருட்டைக் கண்டுபிடிக்க வாசலில் நிற்கும் கம்பங்களும் இந்த வகைதான், அவற்றுக்கு நடுவில் நின்று பேரம் பேசாதீர்கள்.

குறுகுறுப்பு தெரியும் வகை மிஷின் என்றால் வண்டி ஓட்டும்போது அணைத்துவிட வேண்டும். பிரேக் மேல் கால் இருக்கும்போது திடீரென்று ஏறினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். பின்னால் உட்கார்ந்து போவதற்கும் எண்ணூர் நெடுஞ்சாலை வேண்டாம் என்பேன். கன்டெய்னர் லாரிகள் தோண்டிய பள்ளத்தில் நல்ல முதுகே தாங்காது. ஷேர் ஆட்டோவில் பின்வரிசையை விட்டுவிட்டு நடு சீட்டுக்குப் பாருங்கள்.

பௌர்ணமிக்குத் திருவுடை, வடிவுடை, கொடியிடை என்று மூன்று அம்மன்களையும் ஒரே நாளில் பார்க்கும் வழக்கம் எனக்கும் உண்டு. முதல் வருடம் வடிவுடையம்மனோடு நிறுத்திக்கொண்டேன், கூட்டம் குறைந்த மதியத்தில். கீழே விழுந்து கும்பிடாமல் கைகூப்பினேன்.

9. உடனே ஓட வேண்டிய நேரம்

புண் சிவந்து, வீங்கி, சூடாகி, நீர் வடிந்தாலோ காய்ச்சல் வந்தாலோ மருந்துக் கடையில் ஆன்டிபயாடிக் வாங்கிச் சாப்பிட்டுப் பார்க்காதீர்கள், வைத்த டாக்டரிடம் அன்றே போங்கள். காலில் புதிதாகப் பலம் குறைந்தாலோ, சிறுநீர் வராமல் நின்றாலோ, அடக்க முடியாமல் போனாலோ ராத்திரி என்று பார்க்காமல் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும், 108-ஐக் கூப்பிடுங்கள். குறுகுறுப்பு இடம் மாறினாலோ நின்றுவிட்டாலோ அவ்வளவு அவசரமில்லை. கம்பி நகர்ந்ததா என்று ஓர் எக்ஸ்ரே சொல்லிவிடும்.

10. பணம், காகிதம்

பல லட்சம் ஆகிற காரியம். இன்சூரன்ஸ் இருந்தால் சோதனைக்கும் நிரந்தரத்துக்கும் தனித்தனியாக அனுமதி எழுத்தில் வாங்குங்கள். வாய்ப்பேச்சை நம்பி நான் ஒரு பில்லில் மாட்டிக்கொண்டேன். சார்ஜர், ரிமோட்டுக்கு வாரண்டி எத்தனை வருடம், செட்டிங் மாற்றுகிறவர் சென்னையிலேயே இருக்கிறாரா, பேட்டரி மாற்ற அப்போது எவ்வளவு ஆகும், இதையெல்லாம் கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள். அட்டையை நகல் எடுத்து ஒன்று பர்ஸில், ஒன்று வீட்டில், போட்டோ ஒன்று செல்போனில்.

கடைசியாக ஒன்று. ரிமோட்டில் அணைக்கும் பட்டன் எது என்று நமக்குத் தெரிந்தால் மட்டும் போதாது. நான் மூன்று பேருக்குக் காட்டி வைத்திருக்கிறேன்: என் மகள், கடையில் உதவிக்கு இருக்கும் பெண், எதிர் மளிகைக் கடை அண்ணாச்சி. வீட்டுக்காரருக்கும் காட்டினேன். அவர் இன்னும் மெயின் சுவிட்சைத்தான் பார்க்கிறார்.